திம்பம் வளைவுல ஸ்பீடாமீட்டர் முள் அசையல, முடுக்கம் எங்கிருந்து வருது?

கேள்வி (சத்தி மாணவி):
பதினொன்னாவது படிக்கறனுங்க. பண்ணாரி–திம்பம் ரோட்டுல 27 கொண்டை ஊசி வளைவு இருக்கே, அதுல ஒன்னை 10 மீ ஆரமுள்ள அரைவட்டமா வச்சு, கார் மாறாம மணிக்கு 18 கி.மீ. வேகத்துல திரும்புதுன்னு கணக்கு. வேகம் மாறலைன்னா முடுக்கம் பூஜ்யம்தானுங்களே? விடை 2.5 மீ/வி²னு இருக்கு. திசைவேக மாற்றத்தை நேரத்தால வகுத்தா 1.59 வருது. போன் சென்சார் ஆப் நின்னுட்டிருக்கறப்பவே 9.8 காட்டுது, வளைவுல 10.1. எதுங்க சரி?

கோபி டியூஷன்:
பூஜ்யம் மட்டும் தப்புங்க. 2.5, 1.59, போன் காட்டற எண் மூனுமே சரிதானுங்க, மூனும் வேற வேற அளவு.

18 கி.மீ.ன்னா 5 மீ/வி. ஸ்பீடாமீட்டர் காட்டறது வேகம். திசை அதுக்குத் தெரியாது. திசைவேகத்துல திசையும் சேர்த்தி. சீரான திசைவேகம்னாத்தான் முடுக்கம் பூஜ்யம், அதுக்கு ரோடு நேரா இருக்கோணும். வளைவுல ஒவ்வொரு கணமும் முடுக்கம் = வேகம் × வேகம் ÷ ஆரம் = 25 ÷ 10 = 2.5, மையத்தை நோக்கி.

உங்க 1.59 சராசரி. வளைவு முடிஞ்சப்ப +5 ஆனது −5 ஆயிருச்சு, மாற்றம் 10. தூரம் 31.4 மீ, நேரம் 6.28 வினாடி. 2.5-ங்கற அளவு மாறாட்டியும் அதோட திசை சுத்திக்கிட்டே இருக்கறதால சராசரி குறையுது.

ஈரோடு லேப்:
போன் சென்சார் ஈர்ப்புக்கு எதிரா போனைத் தாங்கற விசையையும் சேத்து அளக்குமுங்க. 9.8-உம் 2.5-உம் ஒன்னுக்கொன்னு செங்குத்து, அதனால நேராக் கூட்டக்கூடாது: 96 + 6.25, வர்க்கமூலம் 10.1. மொத்த மதிப்பை மட்டும் பாத்தா வளைவு கண்ணுக்கே தெரியாது. ஆண்ட்ராய்டு போனைத் திரை மேல பாக்கத் தட்டையா, தலைப்பக்கம் கார் போற திசைல இறுக்கி வச்சு எக்ஸ் அச்சை (போனோட குறுக்குத் திசை) மட்டும் பாருங்க. இடப்பக்க வளைவுல மைனஸ் வரும். எஞ்சின் அதிர்வுல எண் குதிக்கும், ஒரு வினாடிக்கு சராசரி எடுங்க. ரோடு ஒருபக்கம் சாஞ்சிருந்தாலும் எண் மாறும்.

சத்தி மாணவி:
ஆனா நம்மள வெளிப்பக்கமாத்தானே தள்ளுதுங்க?

கோபி டியூஷன்:
யாரும் தள்ளலைங்க. நீங்க நேராப் போகப் பாக்கறீங்க, கதவுதான் உங்களை உள்ள தள்ளித் திருப்புது. காருக்கு அந்த வேலையை டயர் உராய்வு செய்யுது. உராய்வுக் குணகம் (டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்போட அளவு) 0.7ன்னு வச்சா, சாய்வில்லாத இதே வளைவுல அது தாங்கறது 6.9 மீ/வி² வரைக்குந்தான், அதாவது மணிக்கு 30 கி.மீ. கிட்ட. 36-ல திரும்பணும்னா 10 வேணும். டயர் வழுக்கீரும்.