ஏரிக்கரைப் பனை விதைப்பு: கூட்டத்துக்கு முன் சில சந்தேகங்கள்

காட்பாடிக்காரன்:
ஞாயிறு கூட்டத்தில் தேதி முடிவு செய்யணும். 500 பனங்கொட்டை, 25 பேர். எப்போது, எப்படி ஊன்றலாம்? யாரிடம் அனுமதி?

மதகுக்கால்:
வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் முடியுங்கள். ஒரு அடி குழி, அடிமண்ணைக் கடப்பாரையால் இளக்கிவிட்டு, கொட்டைக்கு மேல் நாலு விரல்கடை மண் மூடினால் போதும். 10 அடிக்கு ஒன்று. அதாவது 500-க்கு ஒன்றரை கிலோமீட்டர் கரை வேண்டும், இருக்கா? கரைமேல் வேண்டாம், நாளைக்கு ஜேசிபி வந்தால் முதல் பலி அதுதான். வெளிச்சரிவின் அடிவாரமே சரி. மதகு, கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) பக்கம் கூடவே கூடாது.

பாலாற்றுமணல்:
அனுமதி: 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலம்) உள்ள ஏரி என்றால் நீர்வளத்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் அடுத்த அதிகாரி வந்ததும் போய்விடும்.

மதகுக்கால்:
இன்னொன்று. முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும், இலை தலைகாட்டப் பல மாதமாகும். முளைக்கலையே என்று தோண்டிப் பார்த்தால் முளை ஒடிந்து அதோடு சரி. கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதும் கன்றைக் கருக்கும். மாசியில் புல்லறுக்க ஆள் யார் என்பதை இந்தக் கூட்டத்திலேயே பேசி எழுதிவையுங்கள்.

காட்பாடிக்காரன்:
நன்றிங்க. கரை ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது, 300 கொட்டையோடு நிறுத்திக்கிறோம்.