300 வெற்றிகள்: இனி எந்த பிட்சராவது அந்த எண்ணைத் தொடுவாரா?

கேள்வி

மேஜர் லீக் பேஸ்பால் வரலாற்றில் 300 வெற்றிகளை எட்டிய பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) இதுவரை 24 பேர் மட்டுமே. அவர்களுள் கடைசியாக அந்த எண்ணைத் தொட்டவர் ராண்டி ஜான்சன். 2009 ஜூன் 4 அன்று, சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணிக்காக ஆடியபோது, தமது 45ஆம் வயதில் அதைச் சாதித்தார். அதற்குப் பின் அந்தப் பட்டியலில் ஒரு பெயர்கூடச் சேரவில்லை. 2025 சீசன் முடிவில், அந்த ஆண்டு ஆடியவர்களுள் 266 வெற்றிகளுடன் முன்னால் நின்ற ஜஸ்டின் வெர்லாண்டருக்கு வயது 42. கிளேட்டன் கெர்ஷா 223 வெற்றிகளுடன் ஓய்வு பெற்றுவிட்டார். மேக்ஸ் ஷெர்சர் அப்போது 221இல் இருந்தார். அவர்களுக்கு அடுத்த வரிசையில் வரும் கெரிட் கோல் அப்போது 153 வெற்றிகளோடு 35 வயதை எட்டியிருந்தார்.

இந்த எண்ணின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. இருபது ஆண்டுகள் தளராமல் பந்து வீசியவருக்கு மட்டுமே கிட்டக்கூடியது என்பதே அதற்குக் காரணம். இன்றைய பிட்சர்களின் உடல்தான் தாங்கவில்லையா, அல்லது அணிகள் அவர்களை ஆளும் முறை அந்த வழியையே அடைத்துவிட்டதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

வழியை அடைத்தது அணிகள்தான் என்பது என் உறுதியான கருத்து. ஓர் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரின் பெயரில் வெற்றி எழுதப்பட வேண்டுமானால், ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில் அவர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும், அவர் விலகும்போது அவரது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலை ஆட்டம் முடியும்வரை ஒருமுறைகூடக் கைநழுவாமல் இருக்க வேண்டும். சை யங் 511 வெற்றிகளைப் பெற்ற காலத்தில் இந்த மூன்றாவது நிபந்தனை பெரும்பாலும் அவர் கையிலேயே இருந்தது. அவர் தொடங்கிய 815 ஆட்டங்களில் 749ஐத் தாமே முடித்தும் வைத்தார். 2024இலோ, முப்பது அணிகளிலும் சேர்த்து, தொடங்கிய பிட்சரே இறுதிவரை வீசி முடித்த ஆட்டங்களின் எண்ணிக்கை ஒரு சீசன் முழுவதிலும் 30ஐக்கூடத் தொடவில்லை.

ஒரே மட்டையாளர் ஒரே பிட்சரை மூன்றாம் முறை எதிர்கொள்ளும்போது நன்றாக அடிக்கிறார் என்பதைப் புள்ளிவிவரங்கள் காட்டியதும், மேலாளர்கள் ஐந்தாம், ஆறாம் இன்னிங்ஸிலேயே ரிலீவரை (மாற்றுப் பிட்சரை) அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். 2020 உலகத் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், 73 பந்துகளே வீசி அருமையாக ஆடிக்கொண்டிருந்த பிளேக் ஸ்னெல்லைத் தாம்பா பே மேலாளர் வெளியே எடுத்ததை நினைத்துப் பாருங்கள். அன்று அந்த அணி தோற்றது; ஆனால் அந்த நடைமுறை மாறவில்லை.

இதோடு, ஒரு பிட்சர் தொடங்கும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. 1972இல் ஸ்டீவ் கார்ல்டன் 41 ஆட்டங்களைத் தொடங்கி, அவற்றில் 30ஐ முடித்து, மொத்தம் 59 ஆட்டங்களே வென்ற பிலடெல்பியா அணிக்காகத் தாம் ஒருவராகவே 27 வெற்றிகளைப் பெற்றார். இன்று ஐவரோ அறுவரோ மாறி மாறி வீசும் முறையில், உடல்நலத்தோடு இருப்பவருக்கே 32 அல்லது 33 வாய்ப்புகள்தான். 2024இல் லீக்கிலேயே அதிகமாக 208⅔ இன்னிங்ஸ் வீசிய சியாட்டில் அணியின் லோகன் கில்பர்ட், 9 வெற்றி, 12 தோல்வி என்ற கணக்கோடு அந்த ஆண்டை முடித்தார். அவ்வளவு வீசியவருக்கே இந்த நிலை என்றால், 300க்குத் தேவையான சராசரி, அதாவது ஆண்டுக்கு 15 வெற்றி என இருபது ஆண்டுகள், எங்கிருந்து வரும்?

இரண்டாம் பதில்

மேலே சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் 300 வெற்றிகளின் காலம் முடிந்தது என்ற இந்த மரண அறிவிப்பு பேஸ்பாலுக்குப் புதிதன்று. ஏர்லி வின் 1963 ஜூலையில் தமது 300ஆம் வெற்றியைப் பெற்றபின், அடுத்த 19 ஆண்டுகள் எவரும் அதை எட்டவில்லை. பிறகு 1982இல் கேலார்ட் பெர்ரி தொட்டார். அவரைத் தொடர்ந்து கார்ல்டன், டாம் சீவர், ஃபில் நீக்ரோ, டான் சட்டன், நோலன் ரயன் ஆகியோர் 1990க்குள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். அந்த இடைவெளியின் நடுவில் நின்று பார்த்தவர்களுக்கு இத்தகைய கூட்டம் வரப்போவது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ராண்டி ஜான்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1992 முடிவில், 29 வயதில், அவர் பெயரில் 49 வெற்றிகளே இருந்தன. எஞ்சிய 254 வெற்றிகளையும் அதற்குப் பின்னரே சேர்த்தார். நீக்ரோ 40 வயதுக்குப் பின் மட்டும் 121 வெற்றிகள் பெற்றார். ஆகவே முப்பது வயதுக்காரர் ஒருவரின் கணக்கை வைத்து அவரது முடிவைச் சொல்லிவிடக் கூடாது. இன்னொன்று: ஏர்லி வின்னின் அந்த 300ஆம் வெற்றியும் ஐந்து இன்னிங்ஸ் வீசிப் பெற்றதுதான். சீக்கிரம் வெளியேறுவது மட்டுமே வெற்றியைத் தடுத்துவிடாது. பின்னால் வரும் ரிலீவர்கள் வலுவாக இருந்தால் முன்னிலை காக்கப்படவும் செய்யும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நீக்ரோவின் உதாரணம் பற்றி ஓர் ஐயம். அவர் மெதுவாக வீசும் நக்கிள்பாலை நம்பியவர். தோளையும் முழங்கையையும் அது அதிகம் வருத்துவதில்லை. அந்த வகைப் பந்தை வீசுவோரே இன்று ஏறத்தாழ இல்லாதபோது, அவரை வைத்து எதிர்பார்ப்பது பொருந்துமா? அத்துடன், பால் ஸ்கீன்ஸ் போன்ற இளைஞருக்கு வாய்ப்பு உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மூன்றாம் பதில்

உங்கள் ஐயம் சரியானது. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். 2008 வாக்கில் வேகப்பந்தின் சராசரி மணிக்கு 92 மைலை ஒட்டி இருந்தது; இப்போது 94ஐத் தாண்டிவிட்டது. 2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே வெளியிட்ட அறிக்கை, வேகத்தைத் துரத்துவதையும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவதையும் காயங்களுக்கான காரணங்களாகச் சுட்டியது. ஆகவே நீங்கள் முதலில் கேட்ட இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஐந்து இன்னிங்ஸ்தான் வீசப்போகிறோம் என்று தெரிந்தவர் பலத்தைச் சேமித்து வீசுவதில்லை. சேமிக்காத கையில் முழங்கைத் தசைநார் கிழிகிறது. அதைச் சரிசெய்ய டாமி ஜான் எனப்படும் அறுவை சிகிச்சை செய்தால் ஓர் ஆண்டுக்கு மேல் போய்விடுகிறது. கோல் 2025 முழுவதையும் அப்படித்தான் இழந்தார். வெர்லாண்டர் 2019இல் 21 வெற்றிகளும் 2022இல் 18 வெற்றிகளும் பெற்றார். ஆனால் கைக் காயத்தால் இடைப்பட்ட இரு சீசன்களில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. அந்த இரண்டு ஆண்டுகள் முழுமையாகக் கிடைத்திருந்தால் இந்த விவாதத்தின் தொனியே வேறாக இருந்திருக்கும் என்று எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஸ்கீன்ஸைப் பொறுத்தவரை, 2025இல் அவரது சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்) 1.97, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒருமனதாகக் கிடைத்தது, வெற்றிக் கணக்கோ 10-10. பிட்ஸ்பர்க் அணி அவருக்கு ரன் எடுத்துத் தரவில்லை. 2018இல் 1.70 சராசரியோடு 10 வெற்றிகளே பெற்ற ஜேக்கப் டிகிராமுக்கும் அதே விருது கிடைத்ததால், வாக்காளர்கள் வெற்றிக் கணக்கைப் பொருட்படுத்தாமல் விட்டுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. 287 வெற்றிகள் பெற்ற பெர்ட் பிளைலெவன் புகழரங்கத்தில் நுழைய 14ஆம் வாக்கெடுப்புவரை காத்திருந்தார். 219 வெற்றிகள் பெற்ற பெட்ரோ மார்ட்டினெஸோ 2015இல் முதல் வாக்கெடுப்பிலேயே நுழைந்தார்.

300ஐ எவரும் எட்டமாட்டார் என்று நான் அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். ஆனால் அதை எட்டக்கூடியவர் 22 வயதுக்குள் அறிமுகமாகி, ஆண்டுதோறும் 90 ஆட்டங்களுக்கு மேல் வெல்லும் அணியிலேயே பெரும்பகுதியைக் கழித்து, பெரிய காயம் ஒன்றுக்கு மேல் படாமல், 42 வயதுவரை வீசவேண்டும். இந்த நான்கும் ஒருவரிடம் கூடுவதை நம் காலத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. 250 என்பது இன்னும் எட்டக்கூடியது, சி.சி. சபாத்தியா 251 வெற்றிகளோடு 2019இல்தான் ஓய்வு பெற்றார். இப்போது ஆடும் இளையவர்களுள் எவரேனும் அந்த எண்ணை எட்டினால், 1980களில் 300ஐத் தொட்டவர்களுக்குச் சற்றும் குறையாத மரியாதையை அவருக்கு நான் அளிப்பேன்.