மொறிஸ் மைனர்: சடாரென்று மிதித்தால் திணறுது

கார் 1964 மொறிஸ் மைனர், 1098 சிசி, எஸ்யூ எச்எஸ்2 காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பகுதி), 92 பெற்றோல். இடம் கிளிநொச்சி. தை மாதம் தொடங்கிய கரைச்சல், இன்னும் தீரவில்லை.

மெதுவாக மிதித்தால் ஒழுங்காகப் போகுது. ஏ9இல் லொறியை முந்த மூன்றாம் கியரில் சடாரென்று மிதித்தால் ஒரு கணம் செத்து, காபரேற்றர் வாயால் 'டப்' என்று துப்பி, பிறகுதான் இழுக்குது. எதிரே பஸ் வரும்போது இது உயிராபத்து. பிளக் நுனி வெள்ளையாக இருக்கு, பெற்றோல் போதவில்லை.

டிஸ்ரிபியூட்டர் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், வால்வு 0.012, பிளக் 0.025, எல்லாம் சரி பார்த்தாச்சு. வக்கூம் குழாயை வாயால் உறிஞ்சினால் டிஸ்ரிபியூட்டர் தட்டு அசையுது. மனிபோல்ட் கஸ்கற்றில் காற்று இழுக்கவில்லை, திறொட்டில் தண்டிலும் ஆட்டமில்லை. காபரேற்றரின் மேலுள்ள டாஷ்பொட்டில் 20ஆம் நம்பர் ஒயில் நிரப்பினேன், திணறல் கொஞ்சம்தான் குறைஞ்சது. அதற்குள் இருக்கும் டாம்பரைக் கழற்றிவிட்டுத் தூக்கிவிட்டால் காபரேற்றர் பிஸ்டன் தடையில்லாமல் 'டக்' என்று விழுது. பெற்றோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெற் நட்டை ஒரு முகம் கீழிறக்கினால் திணறல் போகும், ஆனால் ஸ்லோவில் (மிதிக்காமல் ஓடவிடும்போது) கறுப்புப் புகை. அதாவது ஸ்லோவுக்குச் சரியான அளவு நடு வேகத்துக்குக் காணாது. ஜெற்றுக்குள் ஏறி இறங்கிப் பெற்றோலை அளந்து விடும் ஊசியில் ஏஎன் என்று இருக்கு.

இந்த எஞ்சினில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கோ: புது ஜெற்றோடு அதே ஏஎன் ஊசியைப் போடுவதா, இல்லை கூடப் பெற்றோல் விடும் எச்6 ஊசிக்கு மாற்றுவதா?