ஒன்றரை லட்சத்துக்குள் பழைய 4×5 மொனோரெயில் கமரா: எதை எடுக்கலாம்?

குளக்கட்டு:

வணக்கம். நான் விசுவமடுப் பக்கம். கலியாணவீடு, சாமத்தியவீடு, பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி என்று டிஜிட்டல் கமராவில் படம் எடுத்துத்தான் சீவியம் போகிறது. கேட்கப்போகும் கேள்வி அந்தத் தொழிலுக்கானது இல்லை.

எங்கள் அம்மம்மாவிடம் பழைய படம் என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கலியாணம் முடித்த கையோடு அம்மப்பாவும் அவவும் ஸ்ரூடியோவில் எடுத்தது. 2009இல் காணி உறுதியோடு சேர்த்து சொப்பிங் பாக்கில் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவ. ஒரு மூலை தண்ணீர் பட்டுக் கரைந்துபோனதில் அம்மப்பாவுக்கு இடது கை இல்லை. ஆனால் அவவின் சேலைக் கரையில் ஓடுகிற நெளியை இன்றைக்கும் ஒவ்வொன்றாக எண்ணலாம். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். பெரிதாக்கிய படம் இல்லை. நெகட்டிவைத் தாளின் மேலேயே வைத்து, அதே அளவில் எடுத்திருக்கிறார்கள்.

எங்கள் ஒழுங்கையில் எழுபது வயது கடந்தவர்கள் பதினொரு பேர். அநேகமானவர்களிடம் அப்படி ஒரு படம்கூட மிஞ்சவில்லை. ஆளுக்கு ஒன்று, உள்ளங்கை அளவில், அதே முறையில் எடுத்துக் கொடுக்க ஆசை. பெரிதாக்கும் கருவி வாங்க வழியில்லை, அதனால் தனித்தனித் தாளாக வருகிற 4×5 அங்குல ஷீட் பிலிம்தான் சரிவரும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் ஒரு சின்ன ஆசையும் உண்டு. குளத்துப் பக்கம் இரண்டு மொட்டைப்பனை நிற்கிறது, தலை ஷெல்லில் போனது. எந்தக் கமராவை அண்ணாந்து பிடித்தாலும் அவை பின்பக்கம் சாய்ந்ததுபோல விழுகின்றன. லென்ஸ் பூட்டிய முன்பலகையை உயர்த்துகிற கமராவில் நேராக நிற்கும் என்று வாசித்தேன்.

மரத்தில் செய்த மடிக்கிற கமராக்கள் விலை எட்டவில்லை. மொனோரெயில் என்கிற ஒற்றைத் தண்டுக் கமராக்கள் பாதி விலைக்கு வருகின்றன. பார்த்து வைத்திருப்பவை: கம்போ எஸ்சி, கலுமெட் சிசி-400, கலுமெட் சிசி-402, ஸினார் எஃப். கமரா, லென்ஸ், இரண்டு மூன்று பிலிம் ஹோல்டர் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் என்னால் ஏலாது. மோட்டார் சைக்கிளில் கொண்டு திரிய வேண்டும், அதுவும் கிரவல் ரோட்டில். எதை எடுக்கலாம்?

பழைய அரைத்தட்டு:

தம்பி, நோக்கம் நல்லது. ஆனால் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறீர். பெட்டிக்கு நாலு பெயர் சொன்னீர், லென்ஸுக்கு ஒரு பெயரும் இல்லை. இந்தக் கமராவில் என்ன இருக்கிறது? முன்னுக்கு ஒரு பலகை, பின்னுக்கு ஒரு மங்கல் கண்ணாடி, நடுவில் மடிப்பு மடிப்பான துருத்தி, கீழே தண்டு. வெளிச்சம் ஒழுகாமல், பூட்டுகள் இறுகினால் எல்லாப் பெட்டியும் ஒரே படத்தைத்தான் தரும். காசில் பாதியை லென்ஸுக்கு ஒதுக்கும்.

விற்கிறவர்கள் 150 மில்லிமீற்றர் லென்ஸோடு சேர்த்துத் தருவார்கள். முகத்துக்குக் கிட்டப் போனால் அதில் மூக்குத்தான் முன்னுக்கு வரும். நீர் 210 எடும். நிக்கோர்-டபிள்யூ, சிம்மார்-எஸ், சிரோனார்-என், ஃபுஜினோன்-டபிள்யூ, எது மலிவோ அது. எஃப் 5.6 திறப்புள்ளவை கோபால் 1 என்கிற அளவு ஷட்டரில் இருக்கும். தலையும் தோளும் எடுக்கும்போது, உருவம் நாலில் ஒன்றாக விழுகிற தூரத்தில், துருத்தி 210இல் நிற்காது, 260 தாண்டும். வெளிச்சமும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டிக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் பதினொரு பேரும் இருட்டுக்குள் இருப்பார்கள். அதனால் உம்முடைய பட்டியலில் இருந்து சிசி-402ஐ வெட்டும். அது அகலக் கோண லென்ஸுக்கென்று செய்த குட்டைத் துருத்தி. மலிவாகக் கிடக்கிறதென்று வாங்கிவிட்டு அழுதவரை எனக்குத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். சிசி-400இல் துருத்தி 16 அங்குலம், அது காணும். அநேகமானவற்றில் ரோல் பிலிம் பெட்டி கொளுவுகிற கிராஃப்லொக் பின்பகுதி இராது. ஷீட் பிலிம் மட்டும் போடுகிற உமக்கு அது பொருட்டில்லை.

என்னைக் கேட்டால் கம்போ எஸ்சி. ஒல்லாந்தில் செய்தது, முரட்டுச் சாமான். அதையே கலுமெட் தன் பெயரில் 45என், 45என்எக்ஸ் என்றும் விற்றது. அந்தப் பெயரையும் தேடும், சிலவேளை இன்னும் குறைவாகக் கிடைக்கும். லென்ஸ் பலகை 162 மில்லிமீற்றர் சதுரம். அவ்வளவு பெரிதாக இருப்பது உமக்கு வசதி. அலுமினியத் தகட்டிலோ நல்ல பிளைவூட்டிலோ வெட்டி, நடுவில் அந்த ஷட்டருக்கு 41.6 மில்லிமீற்றர் துளை போட்டுக் கறுப்படித்தால் முடிந்தது. லேத் வைத்திருக்கிற எவரும் செய்து தருவார்.

இன்னொன்று. இந்த எடைக்கு உம்முடைய கலியாணவீட்டு ஸ்டாண்ட் நடுங்கும். நில அளவைக்காரர் பாவித்துக் கழித்த மர முக்காலி எங்காவது கிடக்கும், விசாரியும். அதன் திருகு 5/8 அங்குலம், கமராவுக்கு 3/8. இடையில் ஒரு துண்டைக் கடைந்து எடுத்தால் கல்லுப்போல நிற்கும்.

பாலைப்பழம்:

வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். ஐயா சொன்ன லென்ஸ் கதை முழுக்கச் சரி. கம்போவில்தான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். என்னிடம் இருப்பது ஸினார் எஃப். தண்டு உருளை, துண்டு துண்டாகத் திருகிப் பூட்டுவது. கழற்றிச் சுருட்டினால் பள்ளிக்கூடப் பைக்குள் போகும். பலகை 140 மில்லிமீற்றர், ஹோர்ஸ்மன் பலகையும் அதில் பொருந்தும், உதிரிப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. விலைதான் கம்போவை விட ஒரு படி கூட. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அந்தக் கூடுதல் காசு தகும் என்று நினைக்கிறேன். ஒழுங்கைக்குள் மட்டும்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் கம்போவைத் தள்ளுவண்டிலிலும் ஏற்றலாம், அது உங்கள் பாடு.

நான் அதிகம் யோசிக்கச் சொல்வது பிலிமைப் பற்றி. ஃபோமாபான் 100 ஐம்பது ஷீட் பெட்டியாக வருகிறது, ஓரளவு மலிவு. அதிலும் மலிவு எக்ஸ்ரே பிலிம். ஆஸ்பத்திரிகள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டதால் மிச்சம் கிடக்கிற பெட்டிகள் கைக்கு வரும். 8×10ஐ நாலாக வெட்டி, ஓரத்தை ஒரு மயிரிழை சீவினால் ஹோல்டருக்குள் போகும். பச்சைக்கு உணர்வுள்ள வகையைச் சிவப்பு விளக்கிலேயே கையாளலாம், தொடக்கக்காரருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இரண்டு பக்கமும் மருந்து பூசியது, தட்டில் உரசினால் உடனே கீறு விழும். தட்டின் அடியில் ஒரு கண்ணாடித் துண்டைப் போடுங்கள்.

அந்தப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம் கறுப்பாக விழும், எங்கள் தோலும் ஒரு படி கறுத்து, சுருக்கமெல்லாம் உழுத வயல் மாதிரி எழும்பும். எனக்கு அது பிடிக்கும். அம்மம்மாக்களுக்குப் பிடிக்குமோ தெரியாது, முதலில் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சூடுதான் பெரிய வில்லங்கம். பிலிம் கழுவுகிற டி-76 மருந்தின் கணக்கெல்லாம் 20 பாகைக்குச் சொன்னது, எங்கள் கிணற்றுத் தண்ணீர் பின்னேரத்தில் 29, 30. நான் மண்பானையில் இரவு முழுக்க வைத்த தண்ணீரில் விடியப்புறம் கழுவுவேன், மருந்துத் தட்டை ஐஸ் போட்ட பெரிய தட்டுக்குள் வைப்பேன்.

குளக்கட்டு:

இரண்டு பேருக்கும் நன்றி. லென்ஸைப் பற்றி ஒரு சந்தேகம். ஒரு சிம்மார்-எஸ் 210 பார்த்தேன், விலை நல்லம். ஆனால் உள்ளே ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. பூஞ்சணம் என்றால் இந்த மாரியோடு முழுவதும் பரவிவிடுமே என்று பயமாக இருக்கிறது.

மல்லாவிப் பொடியன்:

மச்சான், பயப்படாதை. ஷ்னைடர் லென்ஸ்களில் உள்விளிம்பில் பூசிய கறுப்பு மை பொட்டுப் பொட்டாக விட்டுக் கழருவது வழமை. வெள்ளையாகத் தெரிவது அதுதான். படத்தில் ஒன்றும் செய்யாது. அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம். பூஞ்சணம் என்றால் கண்ணாடியின் முகத்தில் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக ஓடும். பின்னால் டோர்ச் அடித்து எடுத்த படம் ஒன்று கேள், தெரிந்துவிடும்.

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். இங்கே அந்தக் கம்போ, கலுமெட் எல்லாம் பழைய கல்லூரிகளில் இருந்து கழித்து விற்கிறார்கள். பொறுத்திருந்தால் நானே நேரில் பார்த்து எடுத்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து விடுவேன். பார்சலில் போட்டால் அனுப்புகிற செலவு, சுங்கம், வற் வரி என்று கமராவின் விலைக்குக் கிட்டப் போகும். பிலிம் கொண்டு வருகிற ஆளிடம் ஒன்று சொல்லிவிடு: பெரிய சூட்கேசில் போடவே கூடாது, கைப்பையில் வைத்து, விமான நிலையத்துப் புதிய சிடி (எக்ஸ்ரே) ஸ்கானருக்குள் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

குளக்கட்டு:

மூன்று மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். முதலில் ஒரு பாவமன்னிப்பு: மல்லாவி அண்ணை சொன்னதுபோல நான் பொறுக்கவில்லை. இணைய ஏலத்தில் ஒரு கம்போ எஸ்சி மலிவாக வந்தது, "நல்ல நிலை, குறை இல்லை" என்று போட்டிருந்தது, எடுத்துவிட்டேன். தபாலில் பெட்டியைத் திறந்து பார்த்தவர் தண்டைத் தூக்கிப் பிடித்து, ரெயில்வேக்கோ என்று கேட்டார். மொனோரெயில் என்று எழுதியிருந்ததால் மறுக்கவும் முடியவில்லை.

அன்றிரவு விளக்கை அணைத்து, துருத்திக்குள் டோர்ச்சை விட்டுப் பார்த்தால் மடிப்பு மூலைகளில் பதினேழு நட்சத்திரம். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. கறுப்பு அக்ரிலிக் பெயின்ரைத் துணிப் பசையில் குழைத்து, தீக்குச்சி முனையால் ஒவ்வொரு மூலையாக உள்ளேயும் வெளியேயும் தொட்டேன். ஒரு நாள் விரித்தபடி காய விட்டு, ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவித்தான் மடித்தேன். இரண்டு தரம் பூசிய பிறகு இருட்டு.

லென்ஸ் அந்தப் பொட்டு விழுந்த சிம்மார்-எஸ்தான். பொட்டைக் காட்டிக் கொஞ்சம் குறைத்தேன். ஷட்டரை ஒரு செக்கன் என்று வைத்தால் ஒன்றரைக்குக் கிட்ட இழுக்கிறது, 1/8உம் அதைவிட வேகமானவையும் சரியாக அடிக்கிறது. பலகையும் முக்காலித் துண்டும் கிளிநொச்சியில் ஒரு லேத்தில் செய்தேன். முக்காலி, ஐயா சொன்ன அதே சாதி, பழைய இரும்புக் கடையில் கிடந்தது. மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்தி மூவாயிரம், பிலிம் சேர்க்காமல்.

மொட்டைப்பனை நேராக நிற்கிறது! பின்பகுதியை மட்டம் பார்த்து நிமிர்த்திவிட்டு முன்பலகையை இரண்டு விரற்கடை உயர்த்தினேன், அவ்வளவுதான்.

அம்மம்மாவைத் திண்ணையில் இருத்தி, எக்ஸ்ரே பிலிமில், ஐஎஸ்ஓ 80 என்று வைத்து, எஃப் 16, 1/8 செக்கனில் எடுத்தேன். கறுப்புத் துணிக்குள் நான் போனதும் "உள்ள என்னடா செய்யிறாய்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டா. முதல் ஷீட்டில் முகம் அசைந்துபோனது, மடியில் கிடக்கிற கை மட்டும் நரம்பு நரம்பாக விழுந்திருக்கிறது. இரண்டாவது சரி. பிரிண்டைக் கொடுத்தேன். கறுப்பு என்று குறை சொல்லவில்லை. பழைய படம் இருக்கிற அதே பையில் வைத்து முடிந்துவிட்டா.

இனி ஒரு புதுச் சிக்கல். இரண்டு வளவு தள்ளி இருக்கிற ஆச்சி, தன்ர பசுமாட்டைப் பிடித்தபடிதான் நிற்பேன் என்கிறா. மனிதரை 1/8 செக்கன் அசையாமல் இருத்தலாம். மாட்டை?

பழைய அரைத்தட்டு:

ஒரு சட்டி புண்ணாக்கு வையும். எஃப் 8க்குத் திறந்து 1/30. குவியத்தை ஆச்சியின் கண்ணில் வையும், மாடு கொஞ்சம் மங்கலாக விழுந்தால் அது கோவிக்காது.