ஜார்க்கண்ட் பணித்தளத்திலிருந்து மிஷனரி குடும்பம் வருகிறது: தங்கல், காணிக்கை, வழியனுப்புவது பற்றி ஆலோசனை தேவை

நெல்லை_சேகரக்குழு:
ஸ்தோத்திரம். எங்கள் சபை தாங்கும் மிஷனரி குடும்பம் சாகிப்கஞ்ச் மாவட்டத்திலிருந்து விடுப்பில் வருகிறது. கணவன், மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். எங்கள் ஊரில் ஐந்து நாள் இருப்பார்கள். வீட்டில் தங்க வைப்பதா, லாட்ஜில் ரூம் போடுவதா? காணிக்கையைக் கையில் கொடுப்பதா, அவர்களை அனுப்பிய மிஷனரி சங்கத்துக்கு அனுப்புவதா? பொருளாக என்ன கொடுக்கலாம்? பிடியரிசியை (வீட்டில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து ஊழியத்துக்குக் கொடுப்பதை) மறுபடி தொடங்கலாம் என்று சில அக்காமார் சொல்கிறார்கள். அது இந்தக் காலத்துக்கு ஒத்துவருமா?

தாபோர்:
வீடுதான் நல்லது, ஆனால் தனி அறையும் ஒட்டியே கழிப்பறையும் இருக்கிற வீடாகப் பாருங்கள். கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தால் ராத்திரி பதினொன்று வரை யாராவது வந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். ஹவுரா, சென்னை என்று ரயில் மாறி இறங்குகிறவர்களுக்கு முதல் நாள் முழுக்க எந்தக் கூட்டமும் வேண்டாம். துணி துவைக்கவும் தூங்கவும் அந்த நாள் போய்விடும். அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு கூட்டம் போதும். ஞாயிறு காலை ஆராதனையில் பேசியவரை அன்று சாயங்காலமே வாலிபர் கூட்டத்துக்கும் இழுக்காதீர்கள்.

சாப்பாட்டில்தான் அதிகம் சொதப்புவோம். விருந்துக்கு அழைக்கிற ஒவ்வொரு வீடும் பிரியாணி போட்டால் மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டுவிடும். மதியம் மட்டும் வெளி வீட்டு விருந்து. காலையும் ராத்திரியும் தங்குகிற வீட்டில் இட்லி, இடியாப்பம், ரசம் சோறு. அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு நம் காரம் பழக்கமிருக்காது, சப்பாத்தியும் பருப்பும் தனியாக இருக்கட்டும்.

பல், கண், ரத்தப் பரிசோதனைக்கு ஒரு காலைப்பொழுதை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். முக்கியமான விஷயம்: சாகிப்கஞ்ச் பகுதியில் மலேரியாவும், மணல் ஈ கடியால் பரவும் காலா அசார் காய்ச்சலும் உண்டு. இங்கே வந்தபின் காய்ச்சல் வந்தால், எந்த மாவட்டத்திலிருந்து வருகிறார்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம் ஊர் டாக்டர் டெங்கு, டைபாய்டு என்றுதான் தேடுவார். ஒருவகை மலேரியா மாதங்கள் கழித்தும் திரும்பும். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் இருந்து மண்ணீரலும் வீங்கியிருந்தால் காலா அசாருக்கான ஆர்கே39 பரிசோதனை கேளுங்கள்.

கணக்கர்:
பணத்துக்கு இரண்டு கவர். ஒன்றில் "ஊழியத்துக்கு" என்றும் மற்றதில் "குடும்பத்துக்கு, அன்பளிப்பு" என்றும் எழுதுங்கள். ஒரே கவரில் வைத்தால் மிஷனரி நேர்மையாக முழுத்தொகையையும் சங்க ரசீதில் போட்டுவிடுவார், பிள்ளைக்குச் செருப்பு வாங்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. ஊழியக் காணிக்கையைச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, எந்த மிஷனரிக்கு என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். பெருந்தொகையைக் கையில் கொடுத்து ரயிலில் ஏற்றுவது அவருக்குத்தான் தலைவலி.

வரிவிலக்கு கேட்பவர்களுக்கு: சங்கத்துக்கு நன்கொடை வரிவிலக்குப் பதிவு (80ஜி என்பார்கள்) இருக்க வேண்டும், பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே அது செல்லும். ரூ. 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது. நன்கொடைச் சான்றிதழுக்காகப் பான் எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

பழைய_ஏடு:
ஐந்து நாள் கொஞ்சம் அதிகமில்லையா? ஆதித்திருச்சபையின் ஒழுங்குநூலான டிடாக்கேயின் 11-ஆம் அதிகாரம், ஊர் ஊராகப் போகும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் இருந்தால் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. புறப்படும்போது அடுத்த தங்கலுக்கு வேண்டிய அப்பம் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது. பணம் கேட்டாலும் கள்ளன்தான்.

தாபோர்:
ஐயா, அது முன்பின் தெரியாதவர் வாசலில் வந்து நிற்கும்போது ஏமாறாமலிருக்க வைத்த விதி. 13-ஆம் அதிகாரத்தில், மெய்யான தீர்க்கதரிசி உங்களோடு தங்க விரும்பினால் அவனுக்குச் சாப்பாடு உரியது என்றும் இருக்கிறதே. தீத்து 3:13-ல் சேனாவையும் அப்பொல்லோவையும் ஒரு குறைவுமில்லாமல் வழியனுப்பச் சொல்கிறார் பவுல். இவர்கள் நாமே ஜெபித்து அனுப்பினவர்கள். எத்தனை நாள் என்று எண்ணுவதைவிட, சங்க அலுவலகத்தில் ஒரு போன் போட்டு விடுப்புத் தேதியைக் கேட்டுக்கொண்டால் முடிந்தது.

மூட்டை_முடிச்சு:
பொருள் விஷயத்தில் என் கருத்து கறாரானது. பழைய துணி வேண்டாம். எவர்சில்வர் குடம், சுவர்க் கடிகாரம், வசன ஃபிரேம், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஸ்லீப்பரில் ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோதான் இலவசம். மிஷனரியின் மனைவியிடமே பட்டியல் கேளுங்கள். பெரும்பாலும் இட்லிப் பொடி, சாம்பார் பொடி, புளி, நல்லெண்ணெய், கருப்பட்டி என்றுதான் வரும். கருப்பட்டி ஈரக்காற்றில் கசியும், செய்தித்தாளில் சுற்றிக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். எண்ணெயைப் பாக்கெட்டாகக் கொடுக்காதீர்கள். மூடி இறுகிய பாட்டிலின் கழுத்தில் டேப் சுற்றி, அதையும் ஒரு கவருக்குள் போட வேண்டும்.

திரும்பும் டிக்கெட்டை, 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கிற அன்றே போட்டுவிடுங்கள். ஆன்லைனில் எடுத்தது சார்ட் போட்டபின்னும் முழுக்க வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் தானாக ரத்தாகிவிடும், ஏறவே முடியாது. வழிச்சாப்பாட்டுக்கு முதல் நாள் எண்ணெய்ப்பொடி தடவிய இட்லி, மறுநாளுக்குப் புளிசாதம். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது.

பிடியரிசி:
தாராளமாகத் தொடங்கலாம். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்தால், நாளுக்கு ஒரு பிடி வீதம் வீட்டுக்கு மாதம் 1.2 கிலோ, 60 வீடு சேர்ந்தால் 72 கிலோ. பச்சரிசி, புழுங்கல் இரண்டுக்கும் தனித் தனி டின் வையுங்கள். கலந்துவிட்டால் ஒன்று குழையும், ஒன்று வேகாது, ஏலத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். மாதம் தவறாமல் ஏலம் விடுங்கள், தள்ளிப்போட்டால் வண்டு விழும். ரேஷன் அரிசியை வாங்காதீர்கள், அதை விற்பது குற்றம். கொடுக்க விரும்புகிற ரேஷன் வீட்டுக்காரர்கள் காசாக உண்டியலில் போடட்டும்.

நெல்லை_சேகரக்குழு:
எல்லாருக்கும் நன்றி. கூடவே ஒரு வெளிநாட்டு நண்பரும் இரண்டு நாள் தங்குவாராம். அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

கணக்கர்:
கண்டிப்பாக. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிற வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2025 வரை இதைச் சி படிவம் என்பார்கள். பாஸ்போர்ட், விசா விவரம் வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவரைப் பிரசங்க மேடையில் ஏற்றாதீர்கள். அவர் கையால் ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவில்லாத சபை அதை வாங்கக்கூடாது.

இன்னொன்று: பணித்தளப் படங்களை யாரும் ஸ்டேட்டஸில் போட வேண்டாம் என்று ஆலயத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஜார்க்கண்டில் 2017 முதல் மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. இங்கே போட்ட படம் அங்கே கிராமத்துப் பெயரோடு சுற்ற அரை நாள் போதும்.