தாட்சர் அக்காவுக்கு எழுதிய கடிதங்களில் அரசியல் எங்கே?

கடிதப்பித்தன்:
மார்கரெட் தாட்சர் கல்யாணத்துக்கு முன்னால், வெறும் மார்கரெட் ராபர்ட்ஸாக இருந்த நாட்களில் அக்கா மியூரியலுக்கு எழுதிய கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்த காலம், அப்புறம் டார்ட்ஃபோர்ட் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளராக நின்ற காலம். பிரிட்டன் பிரதமர் ஆகப்போகிறவர் எப்படி யோசித்தார் என்று பார்க்க ஆசையாக உட்கார்ந்தால், எங்கே திருப்பினாலும் உடுப்பு, காலணி, எந்த விலை, யாரோடு வெளியே போனார் என்பதுதான். அரசியல் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கிறது. நான் தப்பான இடத்தில் தேடுகிறேனா?

மைக்கறை:
அந்த உடுப்பில்தான் அரசியல் இருக்கிறது நண்பரே. பிரிட்டனில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை துணிக்கு ரேஷன். கையில் காசு இருந்தாலும் கூப்பன் தீர்ந்துவிட்டால் கோட்டு வாங்க முடியாது. போர் முடிந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் ஆளும் லேபர் கட்சி அரசு மற்றப் பொருள்களுக்கு இன்னும் இப்படிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறதே என்றுதான் 1950 தேர்தலில் கன்சர்வேட்டிவ்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். இவரோ கிராந்தம் ஊர் மளிகைக்கடைக்காரர் மகள், ரேஷனைக் கல்லாவுக்கு உள்பக்கமிருந்தும் பார்த்தவர். அதோடு 24 வயதில் அந்தத் தேர்தலிலேயே இளைய பெண் வேட்பாளர். பகலில் ஹாமர்ஸ்மித்தில் ஜே. லயன்ஸ் உணவு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை, ரயில் பிடித்து வந்து மாலையில் கட்சிக் கூட்டம். என்ன உடுத்துவது என்று யோசிக்காமல் இருப்பாரா?

ரயிலடி:
சரி, அதற்காக வாங்கிய காலணிக்கெல்லாம் பொருளாதாரம் பூச வேண்டாம். பிடித்திருந்தது, வாங்கினார். எனக்கு அந்தக் கடிதங்களில் சுவையே பின்னால் கணவரான டெனிஸ் தாட்சர் விஷயம்தான். 1949 பிப்ரவரியில் வேட்பாளராக ஏற்றுக்கொள்ளப்பட்ட இரவு, ரயிலைப் பிடிக்க லண்டன் வரை காரில் கொண்டுவிட்டவர் அவர். அக்காவுக்கு எழுதும்போது பெரிதாக உருகவில்லை. பார்க்க அப்படியொன்றும் இல்லை, அதிகம் பேசாதவர், ஆனாலும் நல்லவர்தான், அவ்வளவுதான். அதே சமயத்தில் எசெக்ஸில் பண்ணை வைத்திருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் இவரோடு பழகிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பண்ணைக்காரரைக் கட்டிக்கொண்டது யார் தெரியுமா? இந்தக் கடிதங்களை வாங்கிப் படித்த அக்காவேதான்! தங்கை 1951 டிசம்பரில் டெனிஸைக் கட்டிக்கொண்டார்.

பழுப்புத்தாள்:
ஆவணக்காப்பகத்தில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கடிதம் எழுதுகிறவரைப் பார்க்கிற அளவுக்கு அதை வாங்குகிறவரையும் பார்க்க வேண்டும். அரசியல் பேச வீட்டில் அப்பா இருந்தார், அவர் கிராந்தம் நகரசபைக்காரர். அக்காவிடம் துணிமணி. ஆகவே இவற்றைத் தனியாகப் படிக்காதீர்கள். கேம்பிரிட்ஜ் சர்ச்சில் கல்லூரி ஆவணக்காப்பகத்தில் தாட்சரின் தாள்கள் இருக்கின்றன, அந்தக் காலப் பேச்சுகளை இணையத்திலும் பார்க்கலாம். ஒரே வாரத்துக் கடிதத்தையும் பேச்சையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். டார்ட்ஃபோர்டில் 1950இல் லேபர் வேட்பாளர் நார்மன் டாட்ஸிடம் 13,638 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார், 1951இல் 12,334. லேபர் கோட்டை, ஜெயிக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தே நின்ற தொகுதி. அப்படித் தோற்ற வாரத்தில் அக்காவுக்கு என்ன எழுதினார் என்பதை முதலில் தேடுங்கள்.

கடிதப்பித்தன்:
நன்றி. துணி ரேஷன் முடிந்த 1949 மார்ச்சுக்கு முன், பின் என்று பிரித்துவைத்து மறுபடி தொடங்குகிறேன். அந்தப் பண்ணைக்காரர் கதை தெரிந்த பிறகு இன்னொரு சந்தேகம்: அவரைப் பற்றித் தங்கை எழுதிய கடிதங்களையும் அக்கா கிழிக்காமல் வைத்திருந்தாரே, அதுவும் அந்தக் கணவர் வீட்டிலேயே!