சாவித் துவாரத்தில் குளவி: எறும்பும் தேனீயும் அதன் வம்சமா?

கானாடுகாத்தான்காரன்:
கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீட்டுக்காரர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள்; பொங்கலுக்கு வந்தால் உண்டு. போன வாரம் இரண்டாங்கட்டு அறையைத் திறக்கப் போனால் சாவி நுழையவில்லை. துவாரம் முழுக்கக் காய்ந்த மண். சரி, குளவி வேலை என்று ஜன்னலில் ஒட்டியிருந்த இன்னொரு மண்கூட்டை உளியால் பெயர்த்தேன். ஆத்தங்குடிக் கல் மீது விழுந்து உடைந்தது. உள்ளிருந்து பன்னிரண்டு சிலந்திகள் உதிர்ந்தன. செத்தவை என்று நினைத்து ஈர்க்குச்சியால் தொட்டேன். ஒன்றின் கால் மெல்ல மடங்கி விரிந்தது. இன்னொன்றின் வயிற்றில் குருணை அளவில் வெளிறிய புழு ஒட்டியிருந்தது.

குளவி புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டியே தன்னைப் போல ஆக்கிவிடும் என்பார் என் அப்பத்தா. சிலந்தியுமா குளவியாகும்? கல்லூரியில் படிக்கும் மகளோ எறும்பும் தேனீயும் குளவியிலிருந்து வந்தவை என்கிறாள். வளவில் சர்க்கரை பொறுக்கும் எறும்புக்கும் இந்தக் கொலைகாரிக்கும் என்ன உறவு? அப்படியே இருந்தாலும் ஒரு வம்சத்தில் இத்தனை வகை எப்படி?

வளவு ஆச்சி:
குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். உடைத்துவிட்டாயே தம்பி.

பூச்சி வாத்தியார்:
மகள் சொன்னது சரி. அப்பத்தா பார்த்ததும் சரிதான், காரணம் மட்டும் வேறு. குளவி சிலந்தியைக் கொட்டி அசையாமல் செய்கிறது. உயிர் இருப்பதால் இரை கெடுவதில்லை. ஓர் அறைக்கு ஒரு முட்டை. நீங்கள் பார்த்த குருணைதான் குளவியின் பிள்ளை. அது சிலந்திகளைத் தின்று வளர்ந்து வெளியே வரும். சாவித் துவாரத்தை அடைத்தது வேறு இனமாக இருக்கலாம். சில குளவிகள் பச்சைப் புழுக்களை அடைக்கும். புழு உள்ளே போனது, குளவி வெளியே வந்தது. அப்பத்தா வேறு எப்படிக் கணக்குப் போடுவார்?

இந்த வம்சத்துக்கு வயது சுமார் 28 கோடி ஆண்டுகள். முன்னோர்கள் இடை ஒடுங்காத, தாவரம் தின்னும் பூச்சிகள். பிறகு ஒரு கிளை மற்றப் பூச்சிகளின் உடலில் முட்டையிடத் தொடங்கியது. இடை ஒடுங்கியதால் வயிற்றை வளைத்துக் குறிபார்த்துக் குத்த முடிந்தது. முட்டையிடும் அந்த உறுப்பே சில கிளைகளில் கொடுக்கானது. ஆண் தேனீ கொட்டாததற்குக் காரணம் இதுதான். கொடுக்குள்ள குளவிகளிலிருந்தே எறும்பும் தேனீயும் தனித்தனியாகப் பிரிந்தன. எறும்பின் இடையைப் பாருங்கள், உறவு தெரியும். (ஈசலை இதில் சேர்க்காதீர்கள். அது கறையான், கரப்பானுக்குச் சொந்தம்.)

இத்தனை வகை ஏன் என்பதற்கு ஒல்லி இடை, கொடுக்கு, பிற பூச்சி மேல் வாழும் பழக்கம் ஆகியவற்றைத்தான் வெகுகாலம் காரணம் சொன்னார்கள். 2023இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த மரபணு ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது: ஊனை விட்டு மறுபடி தாவர உணவுக்குத் திரும்பிய கிளைகளில்தான் புதிய இனங்கள் வேகமாகப் பெருகின. தேனீ என்பது வேட்டையை விட்டுப் பிள்ளைகளுக்கு மகரந்தம் ஊட்டத் தொடங்கிய குளவிதான். அதில் மட்டும் 20,000 இனங்களுக்கு மேல். சைவத்துக்கு மாறியதால் வம்சம் தழைத்தது என்று செட்டிநாட்டில் சொன்னால் யார் நம்புவார்கள்!

அத்திமரத்தடி:
‘அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் பூச்சி’ என்கிறோமே, அந்தப் பூச்சியும் குளவிதான். ஆல், அரசு, அத்தி வகையில் உலகில் 750க்கு மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று குளவி. பெண் குளவி காய்க்குள் நுழைந்து பூக்களுக்கு மகரந்தம் சேர்த்து, அங்கேயே முட்டையும் இடும். மரம் பிரியப் பிரியக் குளவியும் பிரிகிறது.

கானாடுகாத்தான்காரன்:
நன்றி வாத்தியாரே. உடைந்த கூட்டை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தேன். மறுநாள் காலை ஒரு சிலந்திகூட இல்லை. எறும்புச் சாரை மட்டும் நிலைப்படி வரை போயிருந்தது. பங்காளிகள் பாகத்தை எடுத்துக்கொண்டார்கள் போல. ஆச்சி, சாவித் துவாரத்தை நான் தொடவில்லை. பொங்கலுக்குள் அது வெளியே வந்துவிட்டால் சரி, இல்லாவிட்டால் மலேசியாக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.